நங்கூரக் கயிற்றில் ஆறு பாகம் தென்னை

2009ஆம் ஆண்டு ஆவணியில், கடல் அடங்கிவிட்டது என்று நம்பி, பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டு ஒன்றில் நங்கூரம் போட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். நானும் மைத்துனரும் தம்பி மகனும். பதினெட்டு பாகம் ஆழம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், சுமார் ஆறு அடி). கயிறு புத்தம் புதிய பச்சை பிளாஸ்டிக், முப்பது பாகம். தெற்கேயிருந்து நீளமான அலைகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு அலையிலும் வள்ளம் பின்வாங்கும், கயிறு கம்பி போல விறைக்கும், வள்ளத்தின் முன்பக்கமான அணியம் 'டங்' என்று ஒரு வெட்டு வெட்டி நிற்கும். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். பெரிய அலை ஒன்று வந்தபோது அணியத்தில் இருந்த வளையம், நான்கு போல்ட்டும் அடியில் வைத்திருந்த பலகையும் சேர்ந்து, பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போனது.

நல்ல வேளையாக யாரும் அணியத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. ஃபைபரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. சாக்கைத் திணித்து, மோட்டாரைப் போட்டு, கரைக்கு வந்து சேர்ந்தோம்.

அப்பா அப்போது கடலுக்குப் போவதை நிறுத்தி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டுத் திண்ணையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"அணியத்துல தென்னங்கயிறு கெடந்துதாலே?"

"இல்லப்பா. முழுக்க பிளாஸ்டிக்."

"பின்ன பிய்யத்தானே செய்யும்."

கயிறு அறுந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அறுந்தது கயிறு இல்லை. கயிறு அவ்வளவு பலமாக, அவ்வளவு விறைப்பாக இருந்ததால்தான் வள்ளம் உடைந்தது. சின்ன வயதில் கையால் திரித்துப் பழகிய பொருளின் அருமை எனக்கு நாற்பது வயதில்தான் விளங்கியது. அதை இப்போது கடலுக்குப் போகிற பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

நான் கயிறு திரிக்கக் கற்றது அப்பாவிடம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடி காயல் பக்கத்தில் அம்மாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு மாமி இருந்தார். சொந்தக்காரர் இல்லை, ஆனால் நாங்கள் எல்லோரும் மாமி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளி விடுமுறைக்கு அங்கே போனால் மாமியின் முற்றம்தான் எங்களுக்குப் பொழுதுபோக்கு.

தேங்காய் மட்டையை எங்கள் பக்கம் கதம்பல் என்போம். ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் தோப்புகளிலிருந்து கதம்பல் வரும். ஈத்தாமொழி நெட்டைத் தென்னை புவிசார் குறியீடு பெற்ற ரகம். காயும் பெரிது, அதன் மட்டையும் தடிப்பு. வந்த கதம்பலைக் காயல் ஓரத்துக் குழியில் அடுக்கி, மேலே ஓலை போட்டு, சேறும் கல்லும் பாரமாக வைத்து ஊறப் போடுவார்கள். நல்ல வெள்ளை நார் வேண்டுமானால் பச்சை மட்டையாக இருக்க வேண்டும், எட்டு முதல் பத்து மாதம் ஊற வேண்டும். உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீராக, ஏற்ற வற்றத்துக்கு ஏறி இறங்கும் தண்ணீராக இருக்க வேண்டும். ஓட்டமில்லாத குட்டையில் ஊறினால் நார் கறுத்துப் போகும், அடித்தால் சீராகப் பிரியாது.

அந்த நாற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஊறிய கதம்பலைத் தோண்டும் நாளில் அழுகிய முட்டை வாடை ஊரையே மூடும். இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் பெண்கள் நின்று எடுப்பார்கள். மாமியின் விரல் இடுக்குகளில் வெடிப்பு ஆறி நான் பார்த்ததில்லை. காயலில் மீன் குஞ்சுகளுக்கும் அந்தத் தண்ணீர் நல்லதில்லை. பழைய தொழில் என்பதற்காக அதன் பாரத்தை யார் சுமந்தார்கள் என்பதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஊறிய மட்டையின் வெளித்தோலை உரித்துவிட்டு, கல்லின் மேல் வைத்து மரக்கட்டையால் அடிப்பார்கள். அடிக்க அடிக்க நடுவில் இருக்கும் தவிட்டுப் பொடி உதிர்ந்து தும்பு, அதாவது நார், தனியாக வரும். ஆயிரம் மட்டை அடித்தால் எண்பது கிலோ சுமாருக்குத் தும்பு கிடைக்கும். அதை நிழலில் உலர்த்தி, உதறி, மடியில் கட்டிக்கொண்டு திரிக்க உட்கார்வார்கள்.

நார் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்தான். அதிலிருந்து நூறு பாகம் கயிறு வருவது எப்படி என்பது எனக்கு அப்போது பெரிய அதிசயம். மாமி சொல்லித் தந்த விதம் இது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கொஞ்சம் தும்பை வைத்து ஒரே திசையில் உருட்ட வேண்டும். ஒரு பிரி ஆயிற்று. அப்படியே இன்னொரு பிரி. இரண்டையும் சேர்த்து விட்டால் அவை பிரிந்துகொள்ளப் பார்க்கும். இரண்டும் ஒரே பக்கம் பிரியப் பார்ப்பதால் ஒன்றையொன்று எதிர்த் திசையில் சுற்றிக்கொண்டு பூட்டிக்கொள்ளும். நார் தீர்வதற்கு நான்கு விரல் முன்பே அடுத்த தும்பைச் சேர்க்க வேண்டும். தீர்ந்த பிறகு சேர்த்தால் அந்த இடம் ஒல்லியாகும், கயிறு அறுவது அங்கேதான்.

நான் திரித்த முதல் கயிறு பாம்பு இரை விழுங்கியது போல ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தது. மாமி அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓடவிட்டு, மூன்று இடத்தில் நிறுத்தினார். "இங்க, இங்க, இங்க. மக்ளே, இத நம்பி ஒருத்தன் கடலுக்குப் போவான். பிரிச்சுப் போட்டுத் திரும்பத் திரி." நான் திரும்பத் திரித்தேன். இன்றைக்கும் கடையில் கயிறு வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு விரலில் ஓடவிட்டுத்தான் வாங்குகிறேன்.

ராட்டில் திரிப்பது வேகமானது. ஒருவர் ராட்டைச் சுற்ற, இரண்டு பெண்கள் மடியில் தும்போடு பின்னோக்கி நடந்துகொண்டே இழை விடுவார்கள். இரண்டு இழையையும் சேர்த்து முறுக்கினால் சாதாரணக் கயிறு. கடலுக்கு வேண்டிய வடத்துக்கு, அப்படித் திரித்த கயிறுகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கி மூன்று பெரிய பிரியாக்கி, மூன்று பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டையின் பள்ளங்களில் அவற்றைப் பதித்து எதிர்த் திசையில் முறுக்க வேண்டும். கட்டையைப் பிடித்திருப்பவர் முறுக்கு ஏறும் வேகத்துக்கு மெல்ல மெல்ல நகர்வார். அவசரப்பட்டால் முறுக்கு தளரும், தயங்கினால் கயிறு கட்டை போல விறைக்கும். வடம் முறுக்கும்போது நீளம் நன்றாகக் குறையும். நூறு அடிப் பிரி வைத்தால் எழுபது அடி வடம் என்று மாமி கணக்கு வைப்பார். எனக்கும் அப்படித்தான் வருகிறது.

சரி, கடலுக்கு வருவோம்.

எங்கள் வீட்டுக் கட்டுமரம் நான்கு தடி. கட்டுமரம் என்ற பெயரிலேயே கட்டு இருக்கிறது. ஆணி கிடையாது. தடிகளை அணியத்திலும் பின்பக்கத்திலும் தென்னங்கயிற்றால் வரிந்து கட்டியதுதான் மொத்தக் கலமும். தடிகள் தண்ணீர் குடித்துக் கனத்துப் போனால் கட்டை அவிழ்த்து மணலில் காயப் போட்டு, மறுபடி கட்டுவோம். இந்தக் கட்டைக் கட்ட அப்பா எனக்குச் சொல்லித் தந்தபோது, முதலில் கயிறைத் தண்ணீரில் ஊறப் போடச் சொன்னார். காய்ந்த தென்னங்கயிறு முரண்டு பிடிக்கும், மடிப்பில் நார் ஒடியும், கையைக் கிழிக்கும். ஊறினால் சொன்ன இடத்தில் வளையும். காலைத் தடியில் முட்டுக்கொடுத்து, உடம்பையே பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். அப்படிக் கட்டியும் முதல் நாள் கடலுக்குப் போய் வந்தால் கட்டு தளர்ந்திருக்கும். கயிறு பாரத்துக்கு நீண்டிருக்கிறது என்று பொருள். மறுநாள் மறுபடி இறுக்கிய பிறகுதான் அதைக் கட்டு என்று அப்பா ஒத்துக்கொள்வார்.

சரிவான கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது கட்டுமரத்தில் குப்புறப் படுத்திருந்தால் இது தெரியும். அலை தூக்கிப் போடும்போது நான்கு தடியும் ஒன்றையொன்று உரசி நெளியும். கயிறு கொஞ்சம் இணங்கும், மறுபடி பிடிக்கும். ஆணி அடித்துக் கெட்டியாக்கியிருந்தால் அந்த அடியை மரம் தாங்கியிருக்காது.

தென்னை நார் அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்கு வரைகூட நீளும். பருத்தியோ சணலோ அப்படி நீளாது. அதில் லிக்னின் என்ற பொருள் நிறைய இருப்பதால் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அழுகாது. நாருக்குள் காற்றறைகள் இருப்பதால் மிதக்கும். இந்த மூன்று குணத்துக்காகத்தான் பழைய காலத்துப் பெரிய கப்பல்காரர்களும், ஒரு கப்பலை இன்னொரு கப்பல் இழுக்கும்போது நடுவில் தென்னங்கயிற்றைப் போட்டார்கள். பலம் என்று பார்த்தால் தென்னங்கயிறு பின்தங்கித்தான் நிற்கும். அதே தடிமனில் நைலான் இதைவிடப் பல மடங்கு பாரம் தாங்கும். இதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசினால் யாராவது ஒல்லித் தென்னங்கயிற்றை நம்பி நங்கூரம் போட்டுவிடுவார்கள்.

பனைநாரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் மாவட்டத்தில் பனைக்குக் குறைவில்லை. உள்ளூரில் அக்கானி (பதநீர்) இறக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் வீட்டுக்குக் கருப்பட்டி தந்துவிட்டு மீன் வாங்கிப் போவார். பனை ஏற அவர் காலில் போடும் வளையமான திளாப்பு பனைநாரால் ஆனது. மட்டையின் உட்பக்கத்து அகணியை உரித்து, ஊறவைத்து, கிழித்து எடுக்கும் நார் அது. ஒரு தடவை அப்பா விளையாட்டாக அதை வாங்கி இழுத்துப் பார்த்தார். துளிகூட நீளவில்லை. "மரத்துல நிக்கவனுக்கு நீண்டா ஆபத்து, கடல்ல கெடக்கவனுக்கு நீளலேன்னா ஆபத்து" என்றார் அந்த அண்ணன். கடற்கரையில் பனைக்கும் வேலை இருந்தது. எங்கள் அம்மாமார் தலையில் மீன் சுமந்து சந்தைக்குப் போன கடவம் பனையோலை. கட்டிலுக்கு வரிந்ததும் பனைநார். ஆனால் அலை வெட்டுகிற இடத்தில் தென்னைதான்.

கரையில் நின்று இழுக்கும் வலையான கரைமடியை இழுத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். மடியின் இரண்டு கைப்பக்கமும் அந்தக் காலத்தில் தென்னங்கயிற்றால் பெரிய பெரிய கண்ணாக முடிந்தது. கண்ணுக்குள் ஆள் தலையே நுழையும். அதில் மீன் மாட்டாது, மாட்ட வேண்டியதும் இல்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் கம்பா என்ற இழுகயிற்றை இழுக்க இழுக்க அந்தக் கயிறு தண்ணீரில் அதிர்ந்து மீனை நடுவுக்கு விரட்டும். நெத்திலியும் சாளையும் ஓட்டையைத் தாண்டிப் போக வழியிருந்தும் போகாமல் மடிக்குள் ஒதுங்குவதை நான் கட்டுமரத்தில் நின்று கண்ணால் பார்த்திருக்கிறேன். கம்பாவும் தென்னைதான். சொரசொரப்பாக இருப்பதால் ஈரக் கையிலும் நழுவாது. கை காய்த்துப்போகும், அது வேறு.

இழுத்த கம்பாவைச் சுருட்டுவது சிறுவர்கள் வேலை. கயிறு வலப்பக்கம் முறுக்கியிருந்தால் வலஞ்சுழியாகத்தான் சுருட்ட வேண்டும். எதிராகச் சுருட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு பிரண்டு, அடுத்த நாள் விடும்போது சிக்கு விழும். நான் ஒரு முறை தவறாகச் சுருட்டி, மறுநாள் விடியற்காலையில் இருபது பேர் கரையில் காத்து நிற்க, சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

1980களில் முட்டத்தில் பிளைவுட் வள்ளம் செய்யத் தொடங்கினார்கள். வெளிப்பொருத்து மோட்டார் வந்தது. பிறகு ஃபைபர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மணக்குடிப் பாலமே போனது, எங்கள் கரையில் கட்டுமரங்களும் போயின. அதன் பிறகு வந்ததெல்லாம் ஃபைபர் வள்ளம்தான். கட்டுமரம் போனதோடு தென்னங்கயிறும் வீட்டை விட்டுப் போய்விட்டது. அப்படித்தான் 2009இல் நான் முழு பிளாஸ்டிக்கோடு அந்தப் பாரில் கிடந்தேன்.

வளையம் பிய்ந்த வாரமே அப்பா சொன்னபடி செய்தேன். பதினைந்து வருடமாக அப்படியே செய்கிறேன். விவரம் சொல்கிறேன்.

நங்கூரத்திலிருந்து மேலே வரும் நீளம் முழுக்க பிளாஸ்டிக் இருக்கட்டும். பாறையில் உரசும் இடத்துக்குச் சங்கிலி இரண்டு பாகம். வள்ளத்தின் பக்கம் கடைசி ஆறு பாகத்துக்கு மட்டும் தென்னங்கயிறு, பெருவிரலைவிடச் சற்றுத் தடிமனாக, மூன்று பிரி வடம். இதைத்தான் அலை இழுக்க வேண்டும். அத்தோடு நிறுத்தக் கூடாது. அதே இரண்டு முனைக்கும் இடையில் எட்டு பாகம் பிளாஸ்டிக் கயிறு ஒன்றை இணையாகத் தளர்வாகப் போட வேண்டும். தென்னை இழுபடும்போது பிளாஸ்டிக் சும்மா தொங்கும். என்றாவது தென்னை அறுந்தால் பிளாஸ்டிக் பிடித்துக்கொள்ளும், வள்ளம் போகாது. இரண்டும் சிக்காமல் இருக்க மெல்லிய நூலால் இரண்டு மூன்று இடத்தில் சேர்த்துக் கட்டினால் போதும். இந்த இரண்டாவது கயிறு எனக்கு ஒரே ஒரு தடவைதான் வேலை செய்தது, 2016இல். அந்த ஒரு தடவை போதும்.

பிளாஸ்டிக்கோடு தென்னையை வெறும் முடிச்சாகக் கட்டாதீர்கள். பிளாஸ்டிக் வழுக்கும். இரண்டு கயிற்றின் முனையிலும் பிரியைப் பிரித்துத் திரும்பக் கோத்துக் கண் வைத்து, நடுவில் இரும்பு வளையம் போட்டு இணையுங்கள். தென்னையில் கோக்கும்போது பிளாஸ்டிக்கைவிடக் குறைந்த தடவை கோத்தாலும் சொரசொரப்பு பிடித்துக்கொள்ளும், ஆனாலும் நான் ஐந்து தடவைக்குக் குறைப்பதில்லை. அணியத்தின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிவிடுங்கள். தென்னைக்கு அலையைவிட உரசல்தான் எதிரி.

கயிறு வாங்கும்போது முறுக்கைக் கொஞ்சம் திறந்து உள்ளே பாருங்கள். கையில் பொடியாகக் கொட்டினால் சரியாக அடிக்காத நார், அல்லது பழைய சரக்கு. நார் பொன்னிறமாக, வளைத்தால் ஒடியாமல் இருக்க வேண்டும். ஒரு முறை கடையில் தடிமனாக, பார்க்க அழகாக இருந்த வடம் ஒன்றை அவசரத்தில் வாங்கினேன். மேல் பிரியில் நல்ல நார், உள்ளே முழுக்கத் துண்டு துண்டான கழிவு நார். இரண்டாம் வாரமே அறுந்தது. அதுதான் நான் சொன்ன 2016. விரலில் ஓடவிட்டுப் பார்த்தும் தெரியவில்லை, திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கரைக்கு வந்ததும் மணலை அலசிவிட்டு, மூங்கிலில் தொங்கவிட்டு நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு குவித்து வைத்தால் உள்ளிருந்து புழுங்கிக் கெடும். கொதிக்கிற வெயிலில் நாள் கணக்கில் போட்டால் நார் மொறுமொறுத்துவிடும். வாரம் ஒரு முறை உரசும் இடத்தைத் திறந்து பாருங்கள். எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. பழையதைத் தோட்டத்தில் தென்னை மூட்டில் போட்டுவிடுவேன், சில வருடத்தில் மண்ணோடு போய்விடும். பாரில் அறுந்து கிடக்கும் பிளாஸ்டிக் கயிறு அப்படிப் போகாது. எங்கள் பாரில் நான் இழந்த அந்தப் பச்சைக் கயிறு மூன்று வருடம் கழித்து, நிறம்கூட மங்காமல், எங்கள் தூண்டிலிலேயே மாட்டியது.

கணவாய்க்குத் தென்னங்கொதும்பை (காய்ந்த பாளைக் கொத்தை) கட்டி மணல் மூட்டையோடு கடலில் இறக்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கணவாய் அதில் வந்து முட்டை வைக்கும். கொதும்பைக் கட்டும் கயிறும் தென்னையாக இருந்தால் சீசன் முடிந்த பிறகு எல்லாம் சேர்ந்து மக்கும். செலவு கொஞ்சம் கூடும். கடலில் நாம் விட்டுவிட்டு வரப் போகிற எதற்கும் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மாமி இப்போது இல்லை. மாமி வீட்டுக்குப் பின்னால் இருந்த கதம்பல் குழிகளும் தூர்ந்துவிட்டன. நான் வாங்குவது மெஷினில் அடித்த நார். தம்பி மகனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, வள்ளத்தை அவன்தான் நடத்துகிறான். போன மாதம் புது வடம் ஒன்று வாங்கி வந்தான். முற்றத்தில் போட்டு, முறுக்கைத் திறந்து, உள்ளே விரலை விட்டு, முழு நீளத்தையும் ஒரு பாகத்துக்கு ஒரு இடமாகப் பார்த்துக்கொண்டே போனான். பாதியில் நிறுத்தி, "பெரியப்பா, இங்க ஒல்லியா இருக்கு" என்றான். நான் கண்ணை மூடி விரலில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒல்லியாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் வெட்டிப் போட்டு மீதியை எடுத்துக்கொண்டோம்.